விளம்பரம் நம்மை எப்படி இணங்க வைக்கிறது? மரபும் சித்திரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடகக் கல்வி பயில்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். விளம்பரம் எடுக்கப்போகிறவர்களுக்கும் கடைசிப் பகுதி பயன்படும்.

விளம்பரத்தில் 'மரபு' என்று எதைச் சொல்கிறோம்?

பலமுறை பார்த்துப் பழகியதால், யாரும் விளக்காமலே புரிந்துவிடும் காட்சிப் பழக்கத்தைத்தான் மரபு என்கிறோம். கைக்கடிகார விளம்பரங்களைப் பாருங்கள். முட்கள் பெரும்பாலும் 10 மணி 10 நிமிடத்தை ஒட்டியே நிற்கும். அப்படி வைத்தால் 12-க்குக் கீழே இருக்கும் பிராண்டு பெயர் மறையாது; இரண்டு முட்களும் அதற்குச் சட்டம் போட்டதுபோல அமையும். மேல்நோக்கி விரிந்திருப்பதால் கடிகாரத்தின் முகம் சிரிப்பதுபோலவும் தெரியும். முட்களை 8:20-க்குத் திருப்பிப் பாருங்கள், அதே கடிகாரம் சோர்ந்துபோய்த் தெரியும். இப்படித்தான் காட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பழக்கம்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. சங்கப் பாடலில் முல்லை நிலமும் கார்காலமும் வந்துவிட்டால், காத்திருக்கும் தலைவி வரப்போகிறாள் என்று வாசகருக்குத் தெரியும். நிலமும் பொழுதுமே பாதி சேதியைச் சொல்லிவிடும். விளம்பரமும் அதே வேலையைச் செய்கிறது. 30 விநாடிக்குள் கதை சொல்லி முடிக்க வேண்டியவர்களுக்கு மரபு ஒரு சுருக்கெழுத்து.

அப்படியானால் 'சித்திரிப்பு' என்பது வேறா?

வேறுதான், ஆனால் ஒட்டிப் பிறந்தது. யாரைக் காட்டுவது, யாரை விடுவது, காட்டியவரை எந்த வேலையில், எந்த உடையில், எந்த வீட்டில் வைப்பது, யார் பேச யார் கேட்பது என்ற தேர்வுகளின் மொத்தம்தான் சித்திரிப்பு. கேமராவுக்கு முன்னால் தற்செயலாக வந்து நிற்பவர் எவரும் இல்லை. மேசைமேல் இருக்கும் டம்ளர்கூட யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்து வைத்ததுதான்.

ஒரே சித்திரிப்பு நூறு விளம்பரங்களில் திரும்ப வந்தால் அதுவே மரபாகிவிடும். துணி துவைப்பவர் என்றால் அம்மா, கார் ஓட்டுபவர் என்றால் அப்பா, சோதனைச்சாலை என்றால் வெள்ளைக் கோட்டு போட்ட ஆண். இந்த இடத்தில்தான் ஸ்டீரியோடைப் பிறக்கிறது, அதாவது ஒரு பிரிவினர் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் படிமம்.

30 விநாடி டிவி விளம்பரத்துக்குள் என்னென்ன இருக்கும்?

பலருக்கும் பழக்கமான ஷாம்பூ விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். விநாடிகள் சற்று முன்பின் ஆகலாம், அமைப்பு அநேகமாக இதுதான்.

முதல் 5 விநாடியில் பிரச்சினை வரும்: சீப்பில் சிக்கிய முடி, கண்ணாடி முன் வாடிய முகம். இங்கே ஒளி நீலம் கலந்து, தட்டையாக இருக்கும். அடுத்த 5, 6 விநாடியில் ஆலோசனை சொல்ல ஒருவர் வருவார். தோழியாகவோ, அக்காவாகவோ, நட்சத்திரமாகவோ இருக்கலாம். பிறகு 'அறிவியல்' கட்டம். முடியின் குறுக்குவெட்டு கிராபிக்ஸில் தெரியும், பொன்னிறத் துளிகள் உள்ளே இறங்கும், விரிசல்கள் மூடிக்கொள்ளும். அதன்பின் மாற்றம்: ஸ்லோ மோஷனில் முடி சுழலும், பின்னாலிருந்து வெதுவெதுப்பான ஒளி விழும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசி 3, 4 விநாடி பேக் ஷாட், அதாவது பொருளை மட்டும் காட்டும் காட்சி. புட்டி, லோகோ, டேக்லைன், ஜிங்கிள்.

கவனிக்க வேண்டியது ஒளி. 'முன்', 'பின்' இரண்டையும் ஒரே ஒளியில் எடுத்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்து, அந்தத் திரும்பிப் பார்க்கும் தலைகள். ஷாம்பூ முடியைச் சுத்தமாக்கும். ஆனால் விளம்பரம் தருவதாகச் சொல்வது பிறருடைய பார்வையை. இதை எங்கும் வாயால் சொல்லவில்லை. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு, 'அதனால்' என்ற சொல்லை நம் தலையில் நாமே போட்டுக்கொள்ள விட்டுவிட்டார்கள். விளம்பரத்தின் பலம் பெரும்பாலும் இந்த 'அதனால்'-இல்தான் இருக்கிறது. பிறர் சொன்னால் மறுத்துப் பேசுவோம். நாமே கூட்டிக்கொண்ட பொருளை யார் மறுப்பது?

கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்று நான்கு படிகளைப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அமெரிக்க விளம்பரக்காரர் எல்மோ லூயிஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வாய்பாடு அது. மேலே சொன்ன கட்டங்களை அதில் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் பொருத்தியதோடு ஆய்வு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

அச்சு விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

முதலில் எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பத்து விதமாகப் பொருள் கொள்ள இடம் இருக்கும். பிறகு கையை எடுங்கள். தலைப்பு வந்ததும் அந்தப் பத்தில் ஒன்பது விலகிப்போகும். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் இதை நங்கூரம் என்றார். மிதக்கும் படத்தை ஒரு பொருளில் கட்டிப்போடுவது எழுத்தின் வேலை.

அவர் 1964-இல் ஆராய்ந்த பன்சானி பாஸ்தா விளம்பரம் இன்றும் நல்ல பயிற்சி. பாதி திறந்த வலைப்பை. அதிலிருந்து பாஸ்தா பொட்டலங்கள், தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், காளான் எல்லாம் வெளியே சரிந்து கிடக்கின்றன. நேர்ப்பொருள் அவ்வளவுதான். குறிப்புப்பொருளைப் பாருங்கள்: சந்தையிலிருந்து இப்போதுதான் வந்த பை, ஆகவே புதுசு. காய்கறிகளுக்கு நடுவே பொட்டலம், ஆகவே அதுவும் இயற்கையானது. சிவப்பு, பச்சை, வெளிர் மஞ்சள், ஆகவே இத்தாலி. இவ்வளவுக்கும் பன்சானி ஒரு பிரெஞ்சு நிறுவனம். இந்த 'இத்தாலி' பிரெஞ்சுக்காரர் மனத்தில் இருக்கும் இத்தாலி என்பதை ரோலான் பார்த் அவர்களே சுட்டிக்காட்டினார். ஓர் ஊரையோ மக்களையோ விளம்பரம் காட்டும்போது, அது யாருடைய கண்ணால் பார்த்த ஊர் என்ற கேள்வியை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேமராக் கோணத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

கீழிருந்து எடுத்தால் ஆள் ஓங்கித் தெரிவார், மேலிருந்து எடுத்தால் ஒடுங்கித் தெரிவார், கண் மட்டத்தில் எடுத்தால் நமக்குச் சமமாக நிற்பார். லாரி விளம்பரத்தில் சக்கரத்தின் உயரத்திலிருந்து கேமரா பார்ப்பதும், குழந்தைப் பொருள் விளம்பரத்தில் மேலிருந்து குனிந்து பார்ப்பதும் இதனால்தான். ஆனால் ஒரு ஷாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே விளம்பரத்தில் ஆணை எந்தக் கோணத்தில், பெண்ணை எந்தக் கோணத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால்தான் சேதி கிடைக்கும்.

நிறத்துக்கு நிலையான பொருள் உண்டா?

இல்லை. ஓரிடத்தில் வெள்ளை மணக்கோலம், இன்னோரிடத்தில் துக்கம். "சிவப்பு என்றால் ஆபத்து" என்று மனப்பாடமாக எழுதுவதைவிட, அந்த விளம்பரத்துக்குள்ளேயே அந்த நிறம் வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். பேக்கிங்கின் நிறமே நாயகியின் உடையிலும் சுவரிலும் வந்தால் அது திட்டமிட்ட வேலை.

மரபு என்ற பெயரில் பொய்யும் காட்டலாமா? எல்லை எங்கே?

இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் சொன்ன பதில் தெளிவானது. கோல்கேட்-பாமாலிவ் நிறுவனத்தின் ரேபிட் ஷேவ் சவர கிரீமுக்கு ஒரு டிவி விளம்பரம் வந்தது. உப்புத்தாள்மேல் கிரீமைத் தடவுகிறார்கள். உடனே ரேஸர் மணலை வழித்துக்கொண்டு போகிறது. உண்மையில் அந்த வகை உப்புத்தாளைச் சுமார் 80 நிமிடம் ஊறவைத்தால்தான் அப்படி வழிக்க முடியும். திரையில் இருந்தது உப்புத்தாளே அல்ல, மணல் தூவிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. நிஜ உப்புத்தாள் டிவியில் சாதாரணத் தாள்போலத் தெரிந்தது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நீதிமன்றம் கோடு போட்ட இடம் கவனிக்கத்தக்கது. படப்பிடிப்பு விளக்கின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் மசித்த உருளைக்கிழங்கை வைத்து எடுப்பது தானாகவே குற்றமாகாது. 'இதோ, உங்கள் கண்ணாலேயே பாருங்கள்' என்று ஒரு சோதனையைச் சான்றாகக் காட்டும்போது, அந்தச் சோதனை நடக்கவில்லை என்பதை மறைப்பதுதான் ஏமாற்று. காட்சி அலங்காரமா, சான்றா? எந்த விளம்பரத்தையும் இந்தக் கேள்வியால் அளக்கலாம்.

1960களின் இறுதியில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறித் துண்டுகள் மேலே நிற்கும்படி செய்ததும் இதே காரணத்தால்தான் சிக்கலானது. சூப்பில் எவ்வளவு காய்கறி இருக்கிறது என்பதற்கு அந்தக் கிண்ணமே சான்றாக நின்றது. 1990-இல் வால்வோ விளம்பரத்தில் ராட்சத டிரக் வரிசையாக நின்ற கார்கள்மேல் ஏறியது, வால்வோ மட்டும் நசுங்கவில்லை. அந்தக் காரின் கூரைக்கு உள்ளே முட்டுக் கொடுத்திருந்தார்கள், மற்ற கார்களின் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள். விவரம் வெளியே வந்ததும் விளம்பரத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சொற்களிலும் இப்படி நழுவும் இடங்கள் உண்டு. "5 மடங்கு பலம்" என்றால் எதைவிட? "99.9% வரை" என்பதில் 'வரை'தான் முக்கியமான சொல். "உதவுகிறது" என்றால் குணமாக்குகிறது என்று பொருளல்ல. திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தை நிறுத்திப் படியுங்கள், ஒப்பீடு எதனோடு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விளம்பரக்காரர்கள் ஸ்டீரியோடைப்பை விட்டுவிட்டால் என்ன?

நேரம்தான் அவர்கள் சொல்லும் காரணம். கண்ணாடி போட்டால் படிப்பாளி, கை மடித்த சட்டை என்றால் உழைப்பாளி, இரண்டு விநாடியில் அறிமுகம் முடிந்தது. இது பாதி நியாயம். அந்தச் சுருக்கத்தின் செலவை ஏற்பவர் விளம்பரக்காரர் அல்லர், திரையில் எப்போதும் ஒரே வேடத்தில் தன்னைப் பார்க்கும் மனிதர். அதைவிடக் கொடுமை, திரையில் ஒருமுறைகூடத் தன்னைப் பார்க்காத மனிதரின் நிலை. இல்லாமையும் ஒரு சித்திரிப்புதான்.

பெண்களைக் காட்டும் விதத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தார். அவர் கண்டவை இன்றும் எளிதில் அகப்படுகின்றன. முதலில் கைகளைப் பாருங்கள். ஆணின் கை பொருளைப் பிடிக்கும், திருகும், இயக்கும். பெண்ணின் விரல்கள் அதே பொருளின் விளிம்பை வருடும், அல்லது தன் கன்னத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். இருவரும் சேர்ந்து வரும் படத்தில் ஆண் உயரமாக நிற்பார். வேலை நடந்தால் ஆண் சொல்லிக்கொடுப்பார், பெண் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்ணின் தலை சாய்ந்திருக்கும், ஒரு முழங்கால் மடங்கியிருக்கும். பார்வை எங்கோ விலகிப்போயிருக்கும், நடப்பதில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல.

ஒரு படத்தில் இவை இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். படத்துக்குப் படம் திரும்ப வந்தால் அது மரபு. ஒரே விளம்பரத்துக்குள்ளும் இந்த அடுக்கைக் காணலாம். பிரிட்டன் 2019 ஜூன் 14 முதல், தீங்கு விளைவிக்கும் பாலினப் படிமங்களுக்கு விளம்பரங்களில் தடை விதித்தது. அதன்கீழ் முதலில் தடைபட்ட இரண்டில் ஒன்று ஃபோக்ஸ்வேகன் மின்காருக்கானது. விண்கலத்தில் மிதக்கும் இரண்டு ஆண்கள். செயற்கைக் காலோடு நீளம் தாண்டும் ஆண் வீரர். பாறை விளிம்பில் கட்டிய கூடாரத்தில் ஓர் ஆணும், தூங்கும் ஒரு பெண்ணும். கடைசியில், பூங்கா பெஞ்சில் குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண். தனித்தனியே எந்தக் காட்சியும் யாரையும் இழிவுபடுத்தவில்லை. வரிசையாக வைத்தபோதுதான், சாகசம் ஆணுக்கு, பராமரிப்பு பெண்ணுக்கு என்ற வாக்கியம் உருவானது. தடைபட்ட இன்னொரு விளம்பரம் ஃபிலடெல்பியா சீஸுக்கானது. உணவில் மயங்கி, குழந்தையைச் சுழலும் பட்டையில் விட்டுவிடும் இரண்டு அப்பாக்கள் அதில் வருவார்கள். ஆண்களுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது என்பதும் ஸ்டீரியோடைப்தான்.

சித்திரிப்பை மாற்றினால் விற்பனையே மாறுமா?

மாறும். மார்ல்பரோ சிகரெட் 1920களில் பெண்களுக்கானதாக, 'மே மாதம் போல் மென்மை' என்ற பொருள் தரும் வாசகத்தோடு விற்கப்பட்டது. 1950களில் ஃபில்டர் சிகரெட்டுகளுக்குத் தேவை எழுந்தது, ஆனால் ஃபில்டர் என்றாலே பெண்களுக்கு என்ற எண்ணம் ஆண்களிடம் இருந்தது. சிகாகோவின் லியோ பர்னெட் நிறுவனம் குதிரையேறிய கௌபாயைக் கொண்டுவந்தது. பெண்களின் சிகரெட், சில ஆண்டுகளிலேயே ஆண்மையின் அடையாளமாக விற்றது. திறந்த வெளி, குதிரை, தனிமை ஆகிய எவற்றுக்கும் புகையிலையோடு உறவில்லை. அந்த விளம்பரங்களில் தோன்றிய ஆண்களில் சிலர் புகைப்பழக்கத்தால் வந்த நோயிலேயே இறந்தார்கள். சித்திரிப்பு என்ற சொல்லை வெறும் பாடச் சொல்லாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இதை நாங்கள் தவறாமல் சொல்கிறோம்.

மரபை மீறும் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது?

மரபு இருப்பதால்தான் மீறலே கண்ணில் படுகிறது. 1959-இல் அமெரிக்கக் கார் விளம்பரங்கள் பளபளப்பும் பெருமிதமுமாக இருந்தபோது, டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைக் கறுப்பு வெள்ளையில், கிட்டத்தட்ட வெற்றான ஒரு பக்கத்தின் மூலையில் சின்னதாக வைத்தது. தலைப்பு 'திங்க் ஸ்மால்', அதாவது சிறிதாக யோசியுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே படம், கீழே தலைப்பு, அதன்கீழ் மூன்று பத்தியாக எழுத்து என்ற பழைய கட்டமைப்பு அப்படியே இருந்தது. ஒன்றை மட்டும் உடைத்தார்கள். எல்லாவற்றையும் உடைத்தால் பார்ப்பவருக்கு இது விளம்பரம் என்பதே பிடிபடாது.

சமூக ஊடகத்தில் வருபவை 'இயல்பாக' இருக்கின்றனவே, அவற்றிலும் மரபு உண்டா?

நிறைய. ஆடும் செல்போன் கேமரா, படுக்கையறைப் பின்னணி, "வணக்கம் பிரெண்ட்ஸ்" என்ற நேரடிப் பார்வை, ஒரு சின்னத் தடுமாற்றம், "யாரும் காசு கொடுத்துச் சொல்லச் சொல்லவில்லை" என்ற தொனி, கடைசியில் தள்ளுபடிக் குறியீடு. மெருகில்லாமையே இங்கே மரபு. டிவி விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு தந்த நம்பிக்கையை இங்கே கலைந்த தலைமுடி தருகிறது. பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முதல் வரியிலா, 'மேலும்' என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்திலா?

எல்லோரும் ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்களா?

இல்லை. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் 1973-இல் மூன்று வாசிப்புகளைப் பிரித்துக் காட்டினார். தந்ததை அப்படியே ஏற்பது ஒன்று. "முடி பளபளக்கலாம், ஆனால் அதற்காக யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்று பேரம் பேசுவது இரண்டாவது. "முடி சுருண்டிருப்பது பிரச்சினை என்று யார் சொன்னது?" என்று அடிப்படையையே மறுப்பது மூன்றாவது. வயது, பாலினம், வாழ்நிலை, அந்தப் பொருளோடு உள்ள அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே ஆள்கூட வேறுவேறு நாளில் வேறு விதமாக வாசிக்கலாம்.

"விளம்பரம் என்னைப் பாதிக்காது" என்று பலரும் சொல்கிறார்களே?

விளம்பரம் மற்றவர்களைப் பாதிக்கும், என்னைப் பாதிக்காது என்று நினைக்கும் போக்குக்கே ஆய்வுலகில் பெயர் உண்டு. 1983-இல் சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் அதை மூன்றாம் நபர் விளைவு என்றார். தவிர, அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் சோதனைகளால் காட்டினார். நம்பினால்தான் பாதிப்பு என்பதில்லை. கடை அலமாரியில் கை பழகிய பெயரை நோக்கிப் போனால் போதும், விளம்பரத்தின் வேலை முடிந்தது.

ஒரு விளம்பரத்தை ஆய்ந்து எழுதுவது எப்படி?

டிவி விளம்பரம் என்றால் நான்கு முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாகப் பார்த்து, உடனே தோன்றிய உணர்ச்சியை ஒரே சொல்லில் குறித்துவிடுங்கள்; பிறகு அது கிடைக்காது. இரண்டாவது முறை ஒலியை அணைத்துப் பாருங்கள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பின்னணிக் குரல் ஆணா, பெண்ணா, எந்த வட்டாரப் பேச்சு என்பது அப்போதுதான் உறைக்கும். நான்காவது முறை ஷாட் ஷாட்டாக நிறுத்தி, யார், எந்தக் கோணம், எத்தனை விநாடி, யார் பேசுகிறார் என்று அட்டவணை போடுங்கள்.

அதன்பின் மாற்றுச் சோதனை. ஒரே ஒரு கூறை மனத்துக்குள் மாற்றுங்கள். துணி துவைக்கும் அம்மாவுக்குப் பதில் தாத்தா. மாடிவீட்டுக்குப் பதில் ஒற்றை அறை. ஆலோசனை சொல்லும் ஆணுக்குப் பதில் பெண். மாற்றியதும் விளம்பரம் அப்படியே ஓடினால் அந்தக் கூறு அலங்காரம். சிரிப்பு வந்தாலோ, ஏதோ இடித்தாலோ, பொருள் அங்கேதான் தங்கியிருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

எழுதும்போது மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கூறைப் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். "குளோஸ்-அப் பயன்படுத்தப்பட்டுள்ளது" என்பது ஆய்வல்ல. எதன் குளோஸ்-அப், அதனால் பார்ப்பவர் எதை நம்ப அழைக்கப்படுகிறார், அந்த அழைப்பு யாருக்கு, யாருக்கு இல்லை என்ற வரைக்கும் வாக்கியம் போக வேண்டும். விளம்பரம் வந்த ஆண்டையும் ஊடகத்தையும் எழுத மறக்காதீர்கள்.

நாங்களே ஒரு விளம்பரம் எடுக்கிறோம். ஸ்டீரியோடைப்பை எந்தக் கட்டத்தில் பிடிப்பது?

ஸ்டோரிபோர்டில், அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் நிலையில். எடிட்டிங் மேசைக்கு வந்தபின் ஆளை மாற்ற முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே பேசுபவர் யார், கேட்பவர் யார், கையால் வேலை செய்பவர் யார் என்று மூன்று குறிப்பு எழுதி, மொத்தத்தையும் எண்ணுங்கள். பாத்திரத் தேர்வுக் குறிப்பில் "குடும்பத்தலைவி, 30, சிவந்த நிறம்" என்று இருந்தால், கதைக்கு அந்த மூன்றில் எது உண்மையில் தேவை என்று கேட்டு மற்றதை அடித்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைச் சேர்க்கிறீர்கள் என்றால், இரக்கம் வரவழைக்கும் வேடம் வேண்டாம். கடையில் பில் போடுபவராக, ஜோக் அடிக்கும் நண்பராக அவர் வரட்டும். முடிந்ததும், யாரைக் காட்டியிருக்கிறீர்களோ அவர்களில் இரண்டு மூன்று பேரிடம் முதலில் தொகுத்த வடிவத்தைப் போட்டுக் காட்டுங்கள். "நல்லாயிருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாயிருக்கு" என்பார்கள். "இதில் உங்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறோம்?" என்று கேளுங்கள்.